ஹென்ரிக் ஸ்டென்சன்: ஒரு கோல்ஃப் வீரர் ஏன் சரிகிறார், எப்படி மீள்கிறார்?

கேள்வி இதுதான்: உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கும் தொழில்முறை கோல்ஃப் வீரர் ஒருவர், பெரிய விபத்து எதுவும் இல்லாமலேயே, இரண்டு மூன்று ஆண்டுகளில் 200ஆவது இடத்துக்கும் கீழே போவது எப்படி? போனவர் திரும்பி வர முடியுமா?

முடியும். ஸ்வீடனின் ஹென்ரிக் ஸ்டென்சன் இரண்டு முறை அடிமட்டத்துக்குப் போய் இரண்டு முறையும் மேலே வந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல் வீழ்ச்சிக்குக் காரணம் அவருடைய ஸ்விங், அதாவது மட்டையை வீசும் முறை. இரண்டாவது வீழ்ச்சியில் ஸ்விங்கோடு உடல்நலம், பணம், தரவரிசைக் கணக்கு எல்லாம் சேர்ந்துகொண்டன. "மனம் தளர்ந்துவிட்டார்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மனம் தளர்வது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும்.

ஸ்டென்சன் 1976இல் கோத்தன்பர்க்கில் பிறந்தவர். ஐரோப்பாவில் முதல்நிலைத் தொழில்முறைப் போட்டித் தொடருக்கு (டூர்) அடுத்த படியான சேலஞ்ச் டூரில் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்து மேலே வந்தார். மறு ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் பெல்ஃப்ரி மைதானத்தில் நடந்த பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் இன்டர்நேஷனல் ஓப்பனை வென்றார். வயது 25. இனி ஏறுமுகம்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்த சில வாரங்களிலேயே, அயர்லாந்தின் கே கிளப்பில் நடந்த ஐரோப்பிய ஓப்பனில், ஒன்பது குழிகள் ஆடிவிட்டுப் பாதியிலேயே வெளியேறினார். டிரைவர் மட்டையை எடுத்தால் பந்து எந்தத் திசையில் போகும் என்று அவருக்கே தெரியாத நிலை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். டிரைவர் என்பது பையில் இருப்பவற்றிலேயே மிக நீளமான மட்டை. தண்டு ஏறக்குறைய 45 அங்குலம், முகத்தின் சாய்வு 9 அல்லது 10 டிகிரி. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அரை மில்லிநொடிகூட இல்லை. அந்த நேரத்தில் மட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். முகத்தின் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பந்து காற்றில் வளையும். முகம் 1 டிகிரி திரும்பினால், 280 கஜம் போகும் பந்து கிளம்பும் திசையிலேயே ஏறக்குறைய 5 கஜம் விலகிவிடும். வளைவு அதற்கு மேல். பெரிய போட்டிகளில் ஃபேர்வேயின் (புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) அகலம் பொதுவாக 25 முதல் 35 கஜம்வரை. அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15 கஜம்தான் இடம். 3 டிகிரி பிசகினாலே பந்து ரஃபில், அதாவது ஓரத்து நீளமான புல்லில், உட்கார்ந்துவிடும். 6, 7 டிகிரி பிசகினால் மரம், தண்ணீர் அல்லது எல்லைக்கோட்டுக்கு வெளியே.

பிசகு ஒரே பக்கமாக வந்தால் சமாளிக்கலாம். பந்து எப்போதும் வலப்பக்கமே விலகுகிறது என்றால் இடது ஓரத்தைக் குறிவைத்து அடித்துவிட்டுப் போகலாம். டூரில் பலர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஆளை முடக்குவது இருபக்கப் பிசகு. ஒரு அடி வலப்பக்கம் நேராக ஓடும், அடுத்தது இடப்பக்கம் கொக்கிபோல் வளையும். அப்போது எங்கே குறிவைத்தாலும் தப்பு.

வலக்கை ஆட்டக்காரருக்கு இது பொதுவாக எப்படி வருகிறது என்றால், கீழ்நோக்கி வீசும்போது இடுப்பு வேகமாகத் திரும்பிவிடுகிறது. கைகளும் மட்டையும் உடம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. மட்டை மிகவும் உட்புறத்திலிருந்து பந்துக்கு வருகிறது. கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி முகத்தை நேராக்கும் வேலை கைகள்மேல் விழுகிறது. கை திருப்பத் தாமதித்தால் வலப்பக்கம், சற்று முந்தினால் இடப்பக்கம். கீழ்நோக்கிய வீச்சு முழுவதுமே கால் நொடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்துத் திருத்த எந்த மனிதனாலும் முடியாது. நன்றாக ஆடும் வாரத்தில் கை தற்செயலாகச் சரியான நேரத்தில் திரும்பிவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு உள்ளவர் ஒரு வாரம் கோப்பையை வென்று, அடுத்த மாதம், குறைந்த அடிகளே நல்ல ஆட்டமான இந்த விளையாட்டில், ஒரு சுற்றுக்கு 80 அடிக்கு மேல் எடுப்பதும் நடக்கிறது. வெற்றி வந்த வாரத்திலும் கோளாறு உள்ளேயேதான் இருந்திருக்கும்.

பயிற்சி மைதானத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. அங்கே எல்லைக்கோடு இல்லை, தண்டனை இல்லை. போட்டியில் பந்து எல்லைக்கு வெளியே போனால் அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும், தண்டனையாக ஓர் அடியும் சேரும். ஆக ஒரு பிழைக்கு ஏறக்குறைய இரண்டு அடி நட்டம். ஒரு சுற்றில் அப்படி இரண்டு முறை நடந்தால் நான்கு அடி போயிற்று. உலகின் மிகச் சிறந்த வீரருக்கும் டூரின் சராசரி வீரருக்கும் உள்ள இடைவெளியே ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை அடிதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு டிரைவர் கோளாறு ஒருவரை எவ்வளவு கீழே தள்ளும் என்பது புரியும்.

பயம் நுழைவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு பக்கமும் ஆபத்து என்று தெரிந்தவன் பந்தை "வழிநடத்த" முயல்வான். பிடி இறுகும், கை விறைக்கும், மட்டை முகம் இன்னும் ஒழுங்காகத் திரும்பாது. கோளாறு பயத்தைத் தரும், பயம் கோளாறை இரட்டிப்பாக்கும்.

ஸ்டென்சன் அந்த 2001இலேயே இங்கிலாந்துப் பயிற்சியாளர் பீட் கோவனிடம் போனார். ஸ்வீடனின் விளையாட்டு உளவியலாளர் டோர்ஸ்டன் ஹான்சனும் சேர்ந்துகொண்டார். அந்தக் காலப் பயிற்சிகளில் பலரும் நினைவில் வைத்திருப்பது, கண்ணை மூடிக்கொண்டு பந்தடித்தது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதில் தர்க்கம் இருக்கிறது. கண் திறந்திருந்தால் கவனம் முழுக்கப் பந்திலும் அது போகும் இடத்திலும் நிற்கும். உடனே கை குறுக்கிட்டுத் திருத்தப் பார்க்கும். கண்ணை மூடினால் மட்டையின் தலை எங்கே இருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை உடம்புதான் உணர்ந்தாக வேண்டும். சமநிலை தப்பினால் பந்தே படாது. உடம்பு முந்தி ஓடும் பழக்கம் அப்படியே வெளிப்பட்டுவிடும். இதைச் செய்து பார்க்க விரும்பும் அமெச்சூர்கள் டிரைவரில் தொடங்க வேண்டாம். 9 அயர்ன் அல்லது வெட்ஜ் போன்ற குட்டை மட்டை, டீ எனும் சிறு குச்சியின் மேல் பந்து, பாதி வீச்சு, அங்கிருந்து படிப்படியாக.

பலன் வாரக்கணக்கில் வரவில்லை. 2004 செப்டம்பரில் வொபர்னில் நடந்த தி ஹெரிடேஜ் போட்டியை வெல்லும்வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஊன்றிப்போன ஒரு ஸ்விங்கை மாற்றுவதற்கு அவ்வளவு காலம் பிடிப்பதில் வியப்பில்லை. புதிய அசைவு பயிற்சியில் வந்த பிறகும், போட்டி நெருக்கடியில் பழையதுதான் முதலில் தலைநீட்டும். புதியது நெருக்கடியிலும் தானாக வரும்வரை முடிவுகள் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து பயிற்சியாளரை மாற்றுபவர்கள்தான் அதிகம். புதியவர் இன்னொரு மாற்றத்தைத் தொடங்குவார், முந்தையது பாதியில் நிற்கும். ஸ்டென்சன் கோவனிடமே நின்றார். என் கணிப்பில் அவர் எடுத்த முடிவுகளிலேயே மிக நல்லது அது.

பிறகு வந்த உயர்வு வேகமானது. 2006இல் கத்தார் மாஸ்டர்ஸ், 2007இல் துபாய் டெசர்ட் கிளாசிக், அதே மாதம் அரிசோனாவில், இருவர் நேருக்கு நேர் மோதும் உலக மேட்ச் பிளே பட்டம், 2009 மே மாதம் ஃபுளோரிடாவின் சாக்ராஸில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். அங்கே கடைசி நாளில் 66 அடித்து நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். அவருக்குக் கேடியாக (மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனை சொல்பவர்) இருந்தவர் ஃபானி சூனசன், முன்பு இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோவோடு மேஜர் எனப்படும் நான்கு முதன்மைப் போட்டிகளில் பட்டங்களைக் கண்ட அதே சூனசன்.

இரண்டாவது வீழ்ச்சி இந்த உச்சியில் இருந்துதான் தொடங்கியது. பிளேயர்ஸ் வெற்றிக்குச் சில மாதங்கள் முன்பு, 2009 பிப்ரவரியில், ஆலன் ஸ்டான்ஃபர்ட் நடத்திவந்த நிதி மோசடி அமெரிக்காவில் அம்பலமானது. அதில் பெரும் சேமிப்பை இழந்தவர்களில் ஸ்டென்சனும் ஒருவர். 2010இல் வைரஸ் நிமோனியா வந்தது. உடம்பு பலவீனமானபோது பழைய ஸ்விங் குறைகளும் எட்டிப் பார்த்தன. ஆனாலும் அதே 2010 ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த, மேஜர்களில் ஒன்றான தி ஓப்பனில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். சரிவு நேர்கோட்டில் இறங்குவதில்லை. நடுவே ஒரு நல்ல வாரம் வரும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், அடுத்த வாரம் கட் (இரண்டு நாளுக்குப் பிறகு ஆட்களைக் குறைக்கும் எல்லை) தாண்டாது. 2012 தொடக்கத்தில் அவர் உலகத் தரவரிசையில் 230ஆவது இடத்துக்குப் போயிருந்தார்.

இந்த எண்ணைச் சரியாகப் படிக்கத் தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உலக கோல்ஃப் தரவரிசை என்பது இரண்டு ஆண்டுகளின், அதாவது 104 வாரங்களின் கணக்கு. ஒரு போட்டியில் கிடைத்த புள்ளி முதல் 13 வாரங்களுக்கு முழுதாக இருக்கும். அதன்பின் மீதி 91 வாரங்களில் வாரத்துக்கு ஒரு சம பங்காகக் குறைந்து கடைசியில் சுழியமாகும். அந்தக் காலத்தில் பிளேயர்ஸ் வெற்றிக்கு 80 புள்ளி. ஓராண்டு முடிவில் அது ஏறக்குறைய 46 ஆகியிருக்கும், ஒன்றரை ஆண்டில் 23, 2011 மே மாதத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி எல்லாப் போட்டிகளின் மிச்சப் புள்ளிகளையும் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள்.

இந்த வகுத்தலில்தான் நுணுக்கம் இருக்கிறது. குறைந்தபட்ச வகுக்கும் எண் 40, அதிகபட்சம் 52. காயத்தால் இரண்டு ஆண்டில் 25 போட்டி மட்டுமே ஆடியவருக்கும் 40ஆல்தான் வகுப்பார்கள். ஆடாமல் இருந்த வாரங்களும் அவரைக் கீழே இழுக்கும். நோயோடு நிறைய ஆடினால் ஒவ்வொரு தோல்வியும் வகுக்கும் எண்ணை ஏற்றும். ஓய்வெடுத்தால் புள்ளி கரையும், ஆடினால் சராசரி கெடும். உடம்பு சரியில்லாத ஒரு வீரருக்கு இரண்டு வழியிலும் நட்டம்தான்.

தரவரிசை எப்போதும் தாமதமாகவே உண்மையைச் சொல்லும் என்பது இதிலிருந்து வரும் இன்னொரு விளைவு. 2010இல் ஆட்டம் கெடத் தொடங்கியபோதும் பழைய புள்ளிகள் அவரைத் தாங்கின. அவை உதிர்ந்து முடிந்தபோது பட்டியலில் இடம் மடமடவென்று சரிந்தது. மீட்சியிலும் இதே தாமதம் உண்டு. ஆட்டம் திரும்பிய பிறகும் சில மாதங்கள் பட்டியலில் அது தெரியாது.

முதல் 50க்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் இரண்டு தனித்தனி உலகங்கள். உள்ளே இருப்பவருக்கு மாஸ்டர்ஸ் உள்ளிட்ட மேஜர்களுக்கு அழைப்பு வரும். அன்று நடந்த உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இடம் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் கட் கிடையாது. கடைசியில் வந்தாலும் பணம் உண்டு, மேலே வந்தால் ஏராளமான புள்ளி. 51ஆவது இடத்துக்குப் போனவர் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழக்கத் தொடங்குவார். பிறகு குறைந்த புள்ளி உள்ள போட்டிகளில் மேலும் நன்றாக ஆடித்தான் திரும்ப வேண்டும். ஏணியில் இரண்டு படி இறங்கியவர் பத்து படி இறங்கிவிடுவதன் காரணம் இது.

பணத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். தொழில்முறை கோல்ஃபில் மாதச் சம்பளம் இல்லை. அமெரிக்காவின் வழக்கமான பிஜிஏ டூர் போட்டியில் இரண்டு நாள் ஆடிய பிறகு முதல் 65 பேரும் அவர்களோடு சமமாக இருப்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடுவார்கள். 2019க்கு முன் இது 70 பேர். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது, விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் அவர்கள் தலையில். மொத்தப் பரிசுத் தொகையில் வென்றவருக்கு வழக்கமாக 18 விழுக்காடு. 65ஆவது இடத்துக்கு 0.2 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். 80 லட்சம் டாலர் போட்டியில் முதலிடம் 14.4 லட்சம் டாலர், 65ஆவது இடம் ஏறக்குறைய 17,000 டாலர். இதிலிருந்து கேடிக்கு வாரச் சம்பளம் போக, கட் தாண்டினால் 5 விழுக்காடு, முதல் பத்தில் வந்தால் 7, வென்றால் 10 என்பது பரவலான வழக்கம். பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், வரி எல்லாம் தனி. ஐந்து வாரம் தொடர்ந்து கட் தவறினால் ஐந்து வாரச் செலவு கையைவிட்டுப் போகும்.

ஸ்டென்சனுக்கு இங்கே ஒரு கவசம் இருந்தது. பிளேயர்ஸ் வென்றவருக்கு பிஜிஏ டூரில் ஐந்து ஆண்டு ஆடும் உரிமை உண்டு. 230ஆவது இடத்தில் இருந்தபோதும் அந்த உரிமை அவரிடம் இருந்தது. அது இல்லாதவர் தகுதிச் சுற்றுப் பள்ளி எனப்படும் தேர்வுப் போட்டிக்கோ திங்கட்கிழமைத் தகுதிப் போட்டிக்கோ போக வேண்டும். திங்கட்கிழமைப் போட்டி கொடுமையானது. ஒரே சுற்று, கூட்டமாக ஆடுவார்கள், அன்று கிடைத்தது வழக்கமாக நான்கே இடம். அந்த வழியில் உள்ளே வந்து பட்டத்தையே வென்ற ஓர் இந்தியரும் உண்டு. 2010இல் தோள் காயத்தால் டூர் உரிமையை இழந்திருந்த அர்ஜுன் அத்வால், அதே ஆகஸ்டில் திங்கட்கிழமைத் தகுதி பெற்று, வின்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர் அவர். திங்கட்கிழமை நுழைந்து பட்டம் வென்றவர் அதற்கு முன் 1986இல்தான் இருந்தார்.

ஸ்டென்சனின் மீட்சிக்கு வருவோம். 2012 நவம்பரில் தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்றார். பிளேயர்ஸுக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகளில் முதல் வெற்றி. 2013 வசந்தத்தில் ஹூஸ்டனில் இரண்டாம் இடம் பகிர்ந்தார். ஜூலையில் தொடங்கியதுதான் கோல்ஃபில் அரிதாகவே பார்க்கக் கிடைக்கும் ஓட்டம். ஸ்காட்டிஷ் ஓப்பனில் மூன்றாமிடத்தில் பங்கு, மறு வாரம் மியூர்ஃபீல்டில் நடந்த தி ஓப்பனில் ஃபில் மிக்கல்சனுக்கு அடுத்து இரண்டாமிடம், ஏக்ரனில் உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப்பில் டைகர் வுட்ஸுக்குப் பின் இரண்டாமிடத்தில் பங்கு, பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் மூன்றாமிடம். பிறகு பாஸ்டனில் டாய்ச்சே பேங்க் சாம்பியன்ஷிப் வெற்றி. செப்டம்பரில் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில் டூர் சாம்பியன்ஷிப், அதோடு அமெரிக்கப் பருவப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையும் அதற்கான 1 கோடி டாலரும். நவம்பரில் மணிக்கட்டு வலியோடு துபாய்க்குப் போய், ஆண்டு இறுதிப் போட்டியை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். அதனால் ஐரோப்பியப் பருவப் பட்டமான ரேஸ் டு துபாயும் அவருக்கே. அமெரிக்க, ஐரோப்பியப் பருவப் பட்டங்கள் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் ஆள் அவர். 230இல் இருந்தவர் இரண்டு ஆண்டுக்குள் மூன்றாமிடத்தில் நின்றார். 2014இல் இரண்டாமிடமும் வந்தது.

என்ன மாறியது? உடம்பு தேறியது, அது முதல் காரணம். கோவனோடு வேலை தொடர்ந்தது. மூன்றாவது காரணம் பையில் இருந்தது: காலவே டயாப்லோ ஆக்டேன் டூர் என்ற 3 வுட், டிரைவருக்கு அடுத்த நீளமான மட்டை. அதை அவர் ஏறக்குறைய எட்டு ஆண்டு விடாமல் வைத்திருந்தார். மற்றவர்கள் டிரைவர் எடுக்கும் குழிகளில் அவர் இந்த 3 வுட்டை எடுத்தார். 3 வுட்டின் தண்டு டிரைவரைவிட இரண்டு அங்குலம்வரை குட்டை. முகச் சாய்வு 13 முதல் 15 டிகிரி. சாய்வு கூடும்போது பந்தின் பின்சுழற்சி கூடும். அதே அளவு முகப் பிசகுக்குப் பக்கவாட்டு வளைவு குறையும். டிரைவரில் ரஃபுக்குப் போகும் பிசகு இதில் ஃபேர்வேயின் ஓரத்தில் நின்றுவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதில் 20, 30 கஜ தூரம் நட்டமாகும். ஸ்டென்சனின் மட்டை வேகத்துக்கு நட்டம் மிகக் குறைவு. தன்னை இரண்டு முறை வீழ்த்திய அதே டிரைவரை நம்பி இருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது.

பந்து ஃபேர்வேயில் இருந்தால் அடுத்து வருவது அவருடைய உண்மையான பலம், அயர்ன் மட்டைகளால் ஆடும் ஆட்டம். 2013இல் பிஜிஏ டூரில் கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) உரிய அடிகளில் எட்டிய விழுக்காட்டில் முதலிடம் அவருக்கு. இங்கே கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வைச் சொல்வது பொருந்தும். சிறந்த வீரர்கள் மற்றவர்களைவிட மிச்சப்படுத்தும் அடிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது என்று அவர் காட்டினார். பட்டிங்கில், அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவதில், டூர் வீரர்களே 8 அடி தூரத்திலிருந்து பாதிதான் போடுகிறார்கள், 20 அடியிலிருந்து நூறுக்கு பதினைந்து.

ஆகவே ஒரு வீரர் தடுமாறும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் அடிகள் நட்டமாகின்றன என்பது. பட்டிங்கில் மட்டும் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம், பட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். டீயிலிருந்து அடிக்கும் முதல் அடியிலும் அயர்ன் அடிகளிலும் தொடர்ந்து பல மாதங்கள் நட்டம் என்றால் அது வேரில் வந்த கோளாறு. அதற்குப் புது பட்டர் வாங்கிப் பயனில்லை.

2016 ஜூலை, ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன். தி ஓப்பனில் முதல் நாள் மிக்கல்சன் 63 அடித்தார், 62க்கான பட் குழியின் விளிம்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. கடைசி நாளில் இவர்கள் இருவர் மட்டும் வேறு ஏதோ ஒரு போட்டி ஆடுவதுபோல் மற்ற எல்லோரையும் விட்டுப் போனார்கள். மிக்கல்சன் 65 அடித்தும் தோற்றார். ஸ்டென்சன் முதல் குழியில் போகியோடு (குழிக்கு விதித்த அடிகளைவிட, அதாவது பாரைவிட, ஓர் அடி கூடுதல்) தொடங்கி, மொத்தம் பத்து பேர்டி (ஓர் அடி குறைவு), இரண்டு போகி என்று 63 அடித்தார். 68, 65, 68, 63, மொத்தம் 264, பாருக்கு 20 குறைவு. மூன்றாமிடத்தில் வந்தவர் ஸ்டென்சனைவிட 14 அடி பின்னால். மேஜர் வென்ற முதல் ஸ்வீடன் ஆண் வீரர், 40 வயதில். அடுத்த மாதம் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

இதே ட்ரூனில் 1997இல் ஆஸ்திரேலியாவின் இயன் பேக்கர் ஃபின்ச் தி ஓப்பனின் முதல் சுற்றில் 92 அடித்தார். 1991இல் ராயல் பிர்க்டேலில் இதே பட்டத்தை வென்றவர் அவர். 1995இல் செயின்ட் ஆண்ட்ரூஸில், உலகிலேயே அகலமானதாகச் சொல்லத்தக்க முதல் ஃபேர்வேயைத் தாண்டி, பக்கத்திலிருக்கும் 18ஆவதையும் தாண்டி, இடப்பக்கம் எல்லைக்கு வெளியே அடித்தார். கூடுதல் தூரம் தேடி ஸ்விங்கை மாற்றப்போய், பயிற்சியில் அழகாக அடிப்பதை முதல் டீயில் அடிக்க முடியாத நிலைக்கு வந்தவர். 92க்குப் பிறகு மறுநாள் ஆடவில்லை. போட்டி ஆட்டத்தையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு தொலைக்காட்சி வர்ணனைக்குப் போனார்.

டேவிட் டுவால் இன்னொரு வகை. 1999 ஜனவரியில் பாப் ஹோப் போட்டியின் கடைசிச் சுற்றில், கடைசிக் குழியில் ஈகிள் (பாருக்கு இரண்டு அடி குறைவு) அடித்து 59 முடித்தவர். அந்த ஆண்டே பிளேயர்ஸையும் வென்று உலகின் முதலிடத்துக்கு வந்தார். 2001இல் ராயல் லிதமில் தி ஓப்பன் வென்றார். அதன்பின் பிஜிஏ டூரில் ஒரு வெற்றிகூட இல்லை. முதுகு, தோள், மணிக்கட்டு என்று காயங்கள் வரிசையாக வந்தன. வலிக்கும் இடத்தைக் காப்பாற்ற உடம்பு தானாக ஸ்விங்கை மாற்றிக்கொள்ளும். வலி போன பிறகும் மாறிய ஸ்விங் தங்கிவிடும். 2009இல் உலகத் தரவரிசையில் 882ஆவது இடத்தில் இருந்தபடி, பெத்பேஜில் யுஎஸ் ஓப்பனில் ஆடி, இரண்டாமிடத்தைப் பகிர்ந்தார், வென்றவரைவிட இரண்டே அடி பின்னால். திறமை அழியவில்லை என்று அந்த ஒரு வாரம் காட்டியது. ஆனால் அதைத் தொடர்ச்சியாக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை.

இந்த மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்டென்சன் மீண்டதற்கு மனவலிமையை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற இருவருக்கும் மனவலிமை குறைவு என்று யார் சொல்ல முடியும்? ஸ்டென்சனின் முதல் சரிவு 25 வயதில் வந்தது, காலம் அவர் பக்கம் இருந்தது. அப்போது கற்றுக்கொண்ட வழியே இரண்டாவது முறையும் கைகொடுத்தது. டூரில் ஆடும் உரிமை கையில் இருந்தது. முதுகு உடையவில்லை. டிரைவரைத் தவிர்த்தும் வெல்லக்கூடிய வேகமும் அயர்ன் ஆட்டமும் இருந்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தால்கூடக் கதை வேறாகியிருக்கலாம்.

பிற்காலத்து இறக்கத்தில் மைதானத்துக்கு வெளியே நடந்ததற்கும் பங்கு உண்டு. 2017இல் வின்டம் சாம்பியன்ஷிப் வென்றார். அதன்பின் ஆட்டம் மெல்ல இறங்கியது. 2022 மார்ச்சில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையின் அடுத்த போட்டிக்கு ஐரோப்பிய அணியின் தலைவராக அறிவிக்கப்பட்டார். ஜூலையில் சவூதி நிதியில் தொடங்கிய லிவ் கோல்ஃப் என்ற போட்டித் தொடரில் சேர்ந்ததும் அந்தப் பதவி பறிக்கப்பட்டு லூக் டொனால்டுக்குப் போனது. சில நாட்களிலேயே, தன் முதல் லிவ் போட்டியை பெட்மின்ஸ்டரில் வென்று, 40 லட்சம் டாலர் தனிப்பரிசு பெற்றார். ஆனால் அந்தப் போட்டிகளுக்கு அப்போது தரவரிசைப் புள்ளி கிடையாது. வென்றாலும் பட்டியலில் இடம் ஏறாது, பழைய புள்ளிகள் வாரம்தோறும் கரையும். 2022க்குப் பிறகு அவருடைய தரவரிசை எண்ணைப் பார்த்து அவர் ஆட்டத்தை எடைபோடுவது சரியாகாது. தி ஓப்பன் வென்றவர் என்பதால் அந்தப் போட்டிக்கு மட்டும் தரவரிசை தேவையில்லை. 60 வயதுவரை அதில் ஆட அவருக்கு உரிமை உண்டு.